பூவரசங்கண்டல் தண்ணி

இல்லை அக்கா, நான் போகமாட்டன். அந்தப் பல்லு டொக்டருக்கு நீங்களே ஒரு கோல் அடிச்சு, பொம்பிளையின்ரை தாய் வரமாட்டாவாம் எண்டு சொல்லிவிடுங்கோ. தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ. வனேசா பக்கத்துத் தையல்கடையிலை பிளவுசுக்கு அளவு குடுத்துக்கொண்டு நிக்கிறாள், இப்போதைக்கு வரமாட்டாள். என்ரை பிள்ளையை அங்கை விட்டிட்டு என்னை மட்டும் இந்தத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்து இருத்தேக்கையே எனக்கு விளங்கினது, இது சீலைக் கதை இல்லையெண்டு.

கோவமோ? சே. உங்களோடை எனக்கென்ன கோவம். நீங்கள் மாப்பிளையின்ரை பெரியம்மா. பேர்மிங்காமிலை இருந்து வந்து, கால் நோவோடை லா ஷப்பல் கடையள் முழுக்க என்னோடை நடந்து கூறைச்சீலை பாத்தனீங்கள். உங்கடை தங்கச்சி சொல்லிவிட்டதைச் சொல்லுறியள், அதிலை உங்களிலை பிழையில்லை. ஆனா மறுமொழியையும் நீங்கள்தான் கொண்டுபோகவேணும். அதாலை வடிவாக் கேளுங்கோ.

முதல் என்ரை பல்லைப் பாருங்கோ. காலமை துவக்கம் களவாப் பாத்துக்கொண்டு வாறியள், எனக்குத் தெரியும். நேரை பாருங்கோ, நான் வாயை மூடமாட்டன். மேலை முன்பல்லு ரெண்டிலையும் குறுக்காலை மண்ணிறக் கோடு. பக்கத்துப் பல்லிலை சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி வெள்ளைப் புள்ளி. கீழை கொஞ்சம் குழி விழுந்து கிடக்கு. வெத்திலை நான் வாயிலை வைச்சதில்லை. பல்லுத் தீட்டாமல் விட்டதுமில்லை. இஞ்சை வந்த புதுசிலை ஒரு மனிசி கேட்டவ, தங்கச்சி சுருட்டுக் குடிக்கிறனீரோ எண்டு. ஓமெண்டு சொல்லிவிட்டன். வேறை என்ன சொல்லுறது?

வருத்தமோ, பரம்பரையா வாறதோ எண்டு உங்கடை தங்கச்சி கேட்டவவாம். அது நியாயமான கேள்வி. பேரப்பிள்ளையளுக்கும் வந்திடுமோ எண்டு பயப்பிடுறா. வனேசாவின்ரை பல்லைப் பாத்தனீங்கள்தானே? ஒரு புள்ளி இருக்கோ? இருக்காது. அவள் பிறந்தது வளந்தது எல்லாம் இஞ்சை பிரான்சிலை, பொண்டியிலை. நான் வளந்தது பூவரசங்கண்டலிலை. இது இரத்தத்திலை வாறதில்லை அக்கா, தண்ணியிலை வாறது. உங்கடை ஆக்கள் யாழ்ப்பாணம் குருநகர்ப் பக்கம், உங்களுக்கு எங்கடை ஊர் தெரியாது. மடு ரோட்டாலை உள்ளுக்கை போகவேணும். காடு, குளம், ஒரு அந்தோனியார் கோயில், கொஞ்ச வீடு. அவ்வளவுதான்.

நான் பிறக்க முன்னம் சனம் குளத்துத் தண்ணியைத்தான் குடிச்சது. கலங்கல் தண்ணி. வயித்தாலை போய்ப் பிள்ளையள் செத்திருக்குதுகள். பேந்து வெளிநாட்டுக்காரர் வந்து குழாய்க் கிணறு அடிச்சுக் கைப்பம்பு பூட்டித் தந்தவை. அவ்வளவு ஆழத்திலை இருந்து வாற தண்ணி. கண்ணாடி மாதிரி இருக்கும். சாமியார் வந்து மந்திரிச்சு, பம்புக்கு மாலை எல்லாம் போட்டுத் திறந்ததாம். அதுக்குப் பிறகு வயித்தோட்டம் நிண்டிட்டுது, பொய் சொல்லக்கூடாது. அதாலை ஒருத்தருக்கும் அந்தத் தண்ணியிலை சந்தேகம் வரேல்லை.

எங்கடை வீட்டிலை மூத்தவ, பெரியக்கா, குளத்துத் தண்ணி குடிச்சு வளந்தவ. அவவின்ரை பல்லு நல்ல வெள்ளை. அதுக்குப் பிறகு நானும் என்ரை தம்பி அருள்நேசனும். பால்பல்லு விழுந்து புதுப்பல்லு வரேக்கையே கோட்டோடைதான் வந்தது. அப்ப சனம் என்ன கதைச்சது தெரியுமோ? ஒரே வீட்டுப் பிள்ளையளுக்கு ஏன் ரெண்டு விதம் எண்டு. அம்மாவைப் பாத்துக் கேட்டவை அக்கா. அப்பாவின்ரை தமக்கையே கேட்டவ, அதுவும் கோயில் வாசலிலை வைச்சு. அம்மா எங்கள் ரெண்டு பேரையும் கையிலை பிடிச்சுக்கொண்டு வீட்டை வந்திட்டா. அதுக்குப் பிறகு அந்த மனிசியோடை சாகுமட்டும் கதைக்கேல்லை.

ஊரிலை இருக்குமட்டும் பெரிசாத் தெரியாது. எங்கடை வயசுப் பிள்ளையள் எல்லாருக்கும் இருந்தது. வெளியிலை போனாப் பிறகுதான் தெரிஞ்சது. சண்டைக்கை ஓடி யாழ்ப்பாணத்திலை பள்ளிக்கூடம் போனம், அங்கை எனக்குப் பேர் கறைப்பல்லி. தம்பி பள்ளிக்கூடத்தாலை வந்து செங்கல்லைத் தூளாக்கிப் போட்டுத் தேய்ப்பான். பல்லு முரசு கிழிஞ்சு இரத்தம் வரும், பிறகும் தேய்ப்பான். நான் கையைப் பிடிச்சு இழுத்தா என்னையும் தள்ளிவிடுவான். கோடு போகாது. அது மேலை பிடிச்ச ஊத்தை இல்லையே, பல்லு உண்டாகேக்கையே உள்ளுக்கை விழுந்தது.

ஓம், அது என்னெண்டு இஞ்சை வந்துதான் அறிஞ்சனான். அதுவரைக்கும் கையாலை வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பன். இவரோடை கலியாணம் முற்றானது ரெலிபோனிலை. பல்லைப் பற்றி நான் சொல்லேல்லை, அவர் கேக்கவுமில்லை. விமான நிலையத்திலை வந்து நிண்டவர், அவரைக் கண்டவுடனை நான் சிரிச்சு வாயைத் துறந்திட்டன், கை எழும்ப முன்னம். அவர் பாத்தவர். பாத்திட்டு, பசிக்குதோ எண்டு கேட்டவர். இண்டைக்கு வரைக்கும் என்ரை பல்லைப் பற்றி அந்த மனிசன் கதைச்சது அவ்வளவுதான்.

என்ன? பல்லு வேலைக்கு அவரும் ஓமெண்டிட்டாராமோ? அவர் எல்லாத்துக்கும் ஓமெண்டுவார் அக்கா. உங்கடை தங்கச்சி நாளைக்கு மாப்பிளையை யானையிலை கொண்டு வரப்போறம் எண்டாலும் ஓமெண்டுவார். பல்லு என்ரை.

முதல் வேலை இந்த றோட்டிலைதான், ஒரு சாப்பாட்டுக் கடையிலை. முதலாளி என்னை ஒருக்காப் பாத்தார். தங்கச்சி நீர் உள்ளுக்கை நில்லும், முன்னுக்கு வரவேண்டாம் எண்டார். ஏனெண்டு சொல்லேல்லை, எனக்கும் கேக்கத் துணிவில்லை. வருசக்கணக்கா வெங்காயமும் மீனும் வெட்டினன். வெளியிலை தேர் போகும், தேங்காய் உடைக்கிற சத்தம் கேக்கும், நான் அந்தோனியார் கோயில் வேதக்காரி எண்டாலும் பாக்க ஆசைதானே, வாசல்வரை வந்து எட்டிப்பாத்திட்டு உள்ளுக்கை ஓடிவிடுவன்.

ஒருநாள் கடைவாய்ப் பல்லு குத்தத் தொடங்கி, பொண்டியிலை ஒரு டொக்டரிட்டைப் போனன். ஒலிவியே எண்டு ஒரு வெள்ளைக்காரன், இளம் பெடியன். வனேசா அப்ப சின்னன், மொழிபெயர்க்க அவளைத்தான் கூட்டிக்கொண்டு போறது. அவன் குத்துற பல்லை விட்டிட்டு முன்பல்லையே பாத்துக்கொண்டிருக்கிறான். எந்த ஊரிலை பிறந்தனீங்கள், என்ன தண்ணி குடிச்சனீங்கள் எண்டு கேக்கிறான். கிணத்துத் தண்ணி எண்டன். ஆழமோ எண்டான். ஓமெண்டன். பேந்து சொன்னான், உங்களிலை ஒரு பிழையுமில்லை மதாம், நிலத்துக்குக் கீழை பாறையிலை இருக்கிற ஃப்ளுவோர் தண்ணியிலை கரைஞ்சு வந்திருக்கு, பல்லு வளர்ற வயசிலை அது கூடினால் இப்பிடி வரும். உங்கடை பேர்மிங்காமிலை புளோரைட் எண்டு சொல்லுவியள் அக்கா, அதுதான்.

நான் அந்தக் கதிரையிலை கிடந்து அழுதன் அக்கா. கவலையிலை இல்லை. ஆத்திரம். கோயில் வாசலிலை வைச்சு அம்மாவைக் கேட்ட கேள்வி, பள்ளிக்கூடத்திலை வைச்ச பேர், குசினிக்கை நிண்ட வருசங்கள், எல்லாத்துக்கும் காரணம் ஒரு கல்லு. அம்மா அப்ப செத்துப்போனா. ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?

பேந்து நான் செய்த விசர்வேலையையும் கேளுங்கோ. அப்ப நான் சாப்பாட்டுக் கடையை விட்டிட்டு குகதாசன் அண்ணையின்ரை பலசரக்குக் கடையிலை சாமான் அடுக்கிக்கொண்டிருக்கிறன். அடுத்தநாள் உப்புப் பெட்டி அடுக்கேக்கை பாத்தா, பெட்டியிலை அதே பேர் போட்டிருக்கு. ஃப்ளுவோர். இவங்கள் உப்புக்கை போட்டு விக்கிறாங்கள் எண்டு எல்லாப் பெட்டியையும் இறக்கி நிலத்திலை வைச்சிட்டன். குகதாசன் அண்ணை ஓடிவந்தார். மார்கிரட், உமக்கு என்ன நடந்தது எண்டு கத்துறார். நான் விடேல்லை. இதை இந்தக் கடையிலை வைக்கக்கூடாது, வைச்சா நான் நிக்கமாட்டன் எண்டன். சனம் எல்லாம் நிண்டு பாக்குது. பள்ளிக்கூடம் விட்டு வந்த வனேசா பெட்டியை எடுத்து வாசிச்சுப்போட்டு மெல்லமாச் சொல்லுறாள், அம்மா, இது பல்லு பழுதாகாமல் இருக்கப் போடுறதாம்.

அப்பதான் எனக்கு முழுக்க விளங்கினது. அதே சாமான். கொஞ்சமெண்டா காக்கும், கூடினா அரிக்கும். இஞ்சை உப்புக்கை அளந்து போடினம், விரும்பினவை வாங்கினம், விரும்பாதவை பக்கத்துப் பெட்டியை எடுக்கினம். உங்கடை பேர்மிங்காமிலை தண்ணிக்கையே போடினமாமே?

ஓ, உங்களுக்குத் தெரியுமோ. வேண்டாமெண்டு ஒரு கூட்டமும் நிக்குதோ. நீங்களும் கையெழுத்து வைச்சனீங்களோ? சரி, சரி. சிரிக்கேல்லை அக்கா, மெய்யாத்தான் கேக்கிறன். என்னைக் கேக்காமல் என்ரை வாய்க்கை மருந்து ஊத்த இவை ஆர் எண்டு கேக்கிறியள். நல்ல கேள்வி. கேக்கத்தான் வேணும். ஆனா உங்களுக்குக் கேக்க ஒரு இடம் இருக்கு. கவுன்சில் இருக்கு, கூட்டம் வைக்கினம், பேப்பரிலை எழுதினம், எவ்வளவு போடுறம் எண்டு ஒருத்தன் தினமும் பாத்துக் கணக்குச் சொல்லவேணும். கூடினா அவனைப் பிடிக்கலாம். போடுறது சரியோ பிழையோ எண்டு நீங்கள் சண்டை பிடியுங்கோ, அது நல்ல சண்டை. எங்களுக்கும் போட்டது, கல்லு போட்டது, எங்களையும் ஒருத்தரும் கேக்கேல்லை. பம்பு பூட்டினவன் மாலையைப் போட்டுப் படமெடுத்துக்கொண்டு போனவன், தண்ணியை ஒருக்கா எடுத்துச் சோதிச்சுப் பாத்தானோ? எங்கடை பிள்ளையளின்ரை பல்லு மண்ணிறமா வந்து கிடக்க, எந்த அரசாங்கக் கந்தோர்க்காரனாவது ஏனெண்டு கேட்டானோ? ஊத்தைச் சனம், பல்லுத் தீட்டாத சனம் எண்டு சொல்லிவிட்டிட்டுப் போனவங்கள்.

அண்டைக்குத்தான் நான் வாயைப் பொத்தின கையை இறக்கினனான். உப்புப் பெட்டியெல்லாம் திருப்பி அடுக்கிப்போட்டு, குகதாசன் அண்ணையிட்டைப் போய்ச் சொன்னன், நாளையிலை இருந்து முன்னுக்கு நான் நிக்கிறன், காசு நான் வாங்கிறன் எண்டு. அவர் என்ரை வாயைப் பாத்தார். நான் துறந்துகொண்டே நிண்டன். தலையைச் சொறிஞ்சுபோட்டுச் சரியெண்டார். இண்டைக்கு லா ஷப்பலிலை என்னைத் தெரியாத ஆக்கள் இல்லை. பொன்ஷூர் எண்டு பல்லுத் தெரியத்தான் சொல்லுவன். ஆராவது உத்துப் பாத்தா, தண்ணி எண்டு ஒரு சொல்லுச் சொல்லுவன். சிலபேர் கேப்பினம், எந்த ஊர்த் தண்ணி எண்டு. மன்னார்ப் பக்கத்துப் பெடியன் ஒருத்தன், எபினேயிலை இருக்கிறவன், ஒருக்காச் சாமான் வாங்க வந்து காசைக் குடுத்திட்டுப் போகாமல் நிண்டான். என்ன தம்பி எண்டன். உதட்டை விரலாலை தூக்கிக் காட்டினான். அவனுக்கும் அதே கோடு.

உங்கடை தங்கச்சி நல்லதுக்குத்தான் சொல்லுறா, விளங்குது. பல்லுக்கு மேலை வெள்ளை ஓடு ஒட்டிவிடுவினம், நோகாது, செலவு முழுக்கத் தாங்கள் பாக்கினமாம். பெரிய மண்டபம், லண்டன் ஆக்கள், கனடா ஆக்கள் வருவினம், சபையிலை பொம்பிளையின்ரை தாயைப் பாத்து ஒருத்தரும் குசுகுசுக்கக்கூடாது. வன்னிப் பக்கம் எண்டதே அவைக்கு ஒரு மாதிரி, அதுக்கு மேலை இது. இல்லை, நீங்கள் அப்பிடிச் சொல்லேல்லை, நான் சொல்லுறன். மாப்பிளை தனூஜன் நல்ல பெடியன். வனேசா அவனிட்டை எல்லாம் சொல்லியிருக்கிறாள், அவனுக்கு என்ரை பல்லு ஒரு பிரச்சினையே இல்லை. போனமுறை வந்து என்ரை மீன்குழம்பு சாப்பிட்டிட்டு, மாமி உங்கடை சிரிப்பு நல்லாயிருக்கு எண்டு சொன்னவன், அவன்ரை அந்த உடைஞ்ச தமிழிலை. அப்ப பிரச்சினை ஆருக்கு? பாக்க வாற சனத்துக்கு. அந்தச் சனத்துக்காக நான் வாய்க்கை ஓடு ஒட்டமாட்டன். கலியாணத்தை நிப்பாட்டுறதெண்டா உங்கடை தங்கச்சி அதைத் தன்ரை மகனிட்டைச் சொல்லிப் பாக்கட்டும்.

பிடிவாதம்தான். ஓம். ஒத்துக்கொள்ளுறன்.

இன்னொரு தேத்தண்ணி சொல்லட்டோ? வடை? சரி விடுங்கோ. அழாதையுங்கோ அக்கா, உங்களை நான் பேசேல்லை. வேறை என்ன கதைக்கவேணும் எண்டு தங்கச்சி சொல்லிவிட்டவ? கதைச்சு முடிப்பம், பிள்ளை வரப்போறாள்.

தாய்மாமனோ. கோயிலுக்குள்ளை பொம்பிளையோடை வர, மண்டபத்திலை முதல் மாலை போட, தாய்மாமன் ஆர், அவருக்கு உடுப்பு எடுக்கவேணுமோ எண்டு கேக்கிறாவோ. அது அருள்நேசன்தான். எனக்கு ஒரு தம்பிதான். உடுப்பு எடுக்கத் தேவையில்லை. அவன் வரமாட்டான்.

இல்லை, விசாப் பிரச்சினை இல்லை. அவனைக் காணேல்லை. வவுனியாவிலை சைக்கிள் திருத்துற கடை வைச்சிருந்தவன். சண்டை முடியிறதுக்கு முந்தின வருசம் கடை வாசலிலை ஒரு வான் வந்து நிண்டிருக்கு. கதைச்சிட்டு விடுறம் எண்டு ஏத்தினவங்களாம். உருட்டிக்கொண்டு நிண்ட சில்லை நிலத்திலை வைச்சிட்டுப் போனவன். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். பெரியக்கா ஏறாத கந்தோர் இல்லை. இப்பவும் காணாமல் போன பிள்ளையளின்ரை தாய்மாரோடை போய் றோட்டோரம் படத்தைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறா.

மாரிக்கு முந்தி எங்கடை பக்கம் நல்ல தண்ணிக்குக் குழாய் தாட்டவை. இத்தனை வருசத்துக்குப் பிறகு இப்பதான் தூரத்துக் குளத்திலை இருந்து சுத்தம் பண்ணின தண்ணி வரப்போகுது. எங்களுக்குச் சந்தோசம். பாதை வெட்டேக்கை ஒரு இடத்திலை எலும்பு வந்தது. ஒண்டு இல்லை. வேலையை நிப்பாட்டிப்போட்டுக் கோட்டிலை வழக்குக் குடுத்திருக்கு. காணாமல் போனவையின்ரை ஆக்களைக் கூப்பிட்டு அடையாளம் கேக்கினமாம். சேட்டு நிறம், காலிலை முறிவு, பல்லு. பெரியக்காவிட்டைக் கேட்டிருக்கினம், தம்பியின்ரை பல்லுத் தெரியிற படம் இருக்கோ எண்டு. எங்கை இருக்கும்? அவன் ஒரு படத்திலையும் வாயைத் துறந்ததில்லை. அடையாள அட்டைப் படத்திலை இருந்து நான் இஞ்சை வெளிக்கிடேக்கை கோயிலிலை எடுத்த படம் வரைக்கும், எல்லாத்திலையும் உதட்டை இறுக்கிக்கொண்டு நிக்கிறான்.

அப்ப பெரியக்கா சொல்லியிருக்கிறா, படம் இல்லை, ஆனா பிரான்சிலை என்ரை தங்கச்சி இருக்கிறாள், அவளின்ரை வாயும் அவன்ரை வாயும் ஒண்டு எண்டு. மெய்தான். ஒரே பம்பு, ஒரே குடம், ஒண்டரை வயசு வித்தியாசம். எனக்குக் கோடு விழுந்த அதே இடத்திலைதான் அவனுக்கும், கொஞ்சம் மேலை. ஊரிலை எத்தினையோ பேருக்கு உப்பிடிக் கோடு இருக்கு, அதை மட்டும் வைச்சு முடிவு சொல்லேலாது எண்டு லோயர் சொன்னவர். எனக்கும் தெரியும். எச்சிலும் இரத்தமும் எடுத்து அனுப்புறன் எண்டு சொல்லியிருக்கிறன், இன்னும் ஒருத்தரும் கேக்கேல்லை.

குழியடியிலை நிண்ட ஆரோ ஒருத்தர் எடுத்த படத்தைப் பெரியக்கா எனக்கு அனுப்பினவ. வனேசாவுக்குக் காட்டேல்லை, கலியாணப் பிள்ளை. மண்ணுக்கை ஒரு தாடை கிடக்கு. மண்ணைத் தட்டிவிட்டுக் கிட்டவா எடுத்திருக்கினம். நான் குளியலறைக் கதவைப் பூட்டிப்போட்டு, போனைக் கண்ணாடியோடை சாத்தி வைச்சிட்டு, பக்கத்திலை வாயைத் துறந்துகொண்டு நிண்டன். எவ்வளவு நேரமெண்டு தெரியாது. இவர் வந்து கதவைத் தட்டினவர்.

ஓமோ இல்லையோ எண்டு என்னாலை சொல்லேலாது அக்கா. பாக்கத் தெரிஞ்சவை பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் ஒரு டொக்டரும் என்ரை பல்லிலை கை வைக்கேலாது. அதை மட்டும் உங்கடை தங்கச்சிக்குச் சொல்லுங்கோ, மிச்சத்தைச் சொன்னாலும் சொல்லாட்டிலும் பறவாயில்லை.

அந்தா வனேசா வாறாள். கண்ணைத் துடையுங்கோ. தாய்மாமன்ரை இடத்துக்கு ஆரையும் தேடவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அதிலை நான் நிப்பன்.